மறுவாய்க்காரியின் ஒப்பிலக்கியத் தாள்

ஒப்பிலக்கியத் தாளில் சண்முகசுந்தரி இரண்டாம் தடவையும் தேறவில்லை என்ற செய்தி வந்தபோது அவள் பூண்டு ஊன்றிக்கொண்டிருந்தாள். கவுஞ்சியைத் தாண்டிச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊத்துப்பாறையில் போனுக்கு டவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர்கள் தோட்டத்து மேல்தட்டில், அதுவும் ஒரு மூலையில் மட்டும் கிடைக்கும். பழனியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் சுசித்ராதான் கூப்பிட்டாள்.

"அம்மா, ரிசல்ட் வந்துருச்சு. எல்லாம் பாஸு. அந்த ஒண்ணு மட்டும் திரும்பவும் போச்சு."

"எது, ஒப்பிலக்கியமா?"

"வேற எது உனக்குப் போகும்?"

சண்முகசுந்தரி கையிலிருந்த பூண்டுப் பற்களை மடியில் போட்டுக்கொண்டு இடுப்பை நிமிர்த்தினாள். "திருத்துன ஆளு கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்திருப்பாரு. அந்தத் தாளை நான் எழுதுன மாதிரி இந்த ஜில்லாவுலயே எவளும் எழுதியிருக்க மாட்டா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"ஏ புள்ள, பெத்தவகிட்டயே பழமொழியா? நீ டிகிரி வாங்குறதுக்கு முன்னாடி நான் வாங்குறேனா இல்லையான்னு பாரு."

இது தாய்க்கும் மகளுக்கும் நடக்கிற பந்தயம். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன அன்றைக்கே, "உனக்கு முன்னால நான் முடிக்கிறேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சவால் விட்டவள் சண்முகசுந்தரி. அஞ்சல் வழியில் தமிழ் இலக்கியம் படிக்க அதற்கு முன்பே பணம் கட்டியிருந்தாள். பேச்சு என்னவோ விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் விஷயம் விளையாட்டில்லை. படிப்பை முடிப்பதற்குக் கொடுத்திருந்த காலக்கெடு வருகிற தை மாதத் தேர்வோடு தீர்ந்துவிடும். அதிலும் கோட்டைவிட்டால் இதுவரை தேறிய தாள்கள் அத்தனையும் தண்ணீரில் எழுதிய எழுத்து. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது, வயதும் நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொடைக்கானலில் பன்னிரண்டாவது படித்தபோது தமிழில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள் அவள். மேலே படிக்கிறேன் என்று வாய் திறப்பதற்குள் கந்தவேலுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். கந்தவேல் நல்ல மனுஷன், அதில் குறையில்லை. கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டி ஓட்டுகிறவன், பெண்டாட்டி படிக்கிறாள் என்பதைப் பெருமாள்மலை டீக்கடை வரைக்கும் தம்பட்டம் அடிக்கிறவன். இருந்தாலும் அந்த ஆசை அவளை விடவில்லை. தன் பேருக்குப் பின்னால் ஒரு பட்டம் வேண்டும், அவ்வளவுதான். எதற்கு என்று கேட்டால், "வேணும், அதுக்குத்தான்" என்பாள்.

சரி, இவ்வளவு கெட்டிக்காரி ஒரு தாளில் மட்டும் ஏன் வழுக்கி வழுக்கி விழுந்தாள்? திருத்தினவர் கண்ணாடி மேல் பழி போடுவது பாவம். காரணம் வேறு. ஊத்துப்பாறையில் சண்முகசுந்தரிக்கு இன்னொரு சோலி இருந்தது. அதுதான் அவளைக் கெடுத்தது.

அந்த ஊரில் அமாவாசைக்கு அமாவாசை மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் நடக்கும். வழக்கு என்று வந்தால் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு கதை சொல்லும். கோபத்தில் சொல்கிறவன் பாதியை விழுங்குவான், மீதியைக் கத்துவான். அதனால் பெரியவர்கள் தீர்ப்புக்குப் போகும் முன்னால் ஒருத்தி முன்னே வந்து, முதல் ஆள் சொன்னதை அட்சரம் பிசகாமல் நிதானமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். "இதுதானே நீங்க சொன்னது?" என்று கேட்க வேண்டும். அவன் "இதுதான்" என்ற பிறகு அடுத்தவன் கதை. அதற்கும் அதே மாதிரி. இதற்கு மறுவாய் என்று பேர்.

மறுவாய் சொல்வது எப்போதும் பெண்தான். பெண்ணுக்கு மரியாதை பொங்கி வழிந்து கொடுத்த இடம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தீர்ப்பில் பெண்ணுக்குப் பேச்சே கிடையாது, ஆகவே அவள் எந்தப் பக்கமும் சாய மாட்டாள் என்கிற கணக்கு. அதற்கேற்ற சட்டமும் உண்டு. மறுவாய்க்காரி ஒரு கதையையும் இன்னொரு கதையையும் ஒன்றோடொன்று முட்ட விடக்கூடாது. "அவர் இப்படிச் சொன்னாரு, இவரு வேற மாதிரி சொல்றாரு" என்று ஒரு சொல் வந்துவிட்டால் அவள் மறுவாய் இல்லை. எடை போடுவது பெரியவர்கள் வேலை.

கல்யாணமாகி வந்த சில வருஷங்களிலேயே அந்த இடம் சண்முகசுந்தரிக்கு வந்துவிட்டது. அவள் ஞாபகத்துக்கும் குரலுக்கும் ஊரே மயங்கிக் கிடந்தது. பெண்டாட்டியை அடித்துவிட்டுச் சால்ஜாப்பு சொன்னவன்கூட, தன் சால்ஜாப்பைத் தானே அவள் வாயால் கேட்டுத் தலை குனிந்திருக்கிறான். "நாம சொன்னத விட சுந்தரி சொல்றதுதான் நம்ம கதை மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, சும்மா வந்ததா?

இப்படிப்பட்டவள் முன்னால் இரண்டு பகுதிகளை வைத்து 'ஒப்பிட்டு ஆராய்க' என்று கேட்டால் என்ன செய்வாள்? முதல் பகுதி சொல்வதை அழகாகச் சொல்வாள். அடுத்து இரண்டாம் பகுதி சொல்வதை அதைவிட அழகாகச் சொல்வாள். கோடு போட்டு முடித்துவிட்டு, பேனாவை மூடிவிட்டு, சுற்றிலும் பெருமையாக ஒரு பார்வை பார்ப்பாள்.

கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கிற ராஜமுருகன்தான் இதைக் கண்டுபிடித்தவன். அவளைவிடப் பத்து வயதாவது சின்னவன், வகுப்பில் முக்கால்வாசிப் பேரை அக்கா என்றுதான் கூப்பிடுவான். பயிற்சிக்கு இரண்டு பகுதிகள் கொடுத்திருந்தான். ஒன்று கவிதை: கிணறு வெட்டப் போன புருஷன் நல்ல செய்தியோடு வருவானா என்று ஒருத்தி வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறாள். இன்னொன்று உரைநடை: அடுக்குமாடி வீட்டில் ஒருத்தி தண்ணீர் லாரிக்காகச் சன்னலில் காத்திருக்கிறாள். சண்முகசுந்தரி எழுதிக் கொடுத்ததை அவன் முழுக்கப் படித்தான்.

"அக்கா, சூப்பரா எழுதியிருக்கீங்க. ஒரிஜினலைப் படிச்ச மாதிரியே இருக்கு. ஆனா கம்பேரிசன் எங்கக்கா?"

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேனே சார்."

"வச்சிருக்கீங்க. ஒண்ணு முகத்த ஒண்ணு பாக்கவே இல்லையே. எங்க சேருது, எங்க பிரியுதுன்னு யாரு சொல்றது?"

"படிக்கிறவங்க பாத்துக்கிற வேண்டியதுதான். நான் நடுவுல பூந்தா நல்லாவா இருக்கும்?"

வகுப்பே சிரித்தது. ராஜமுருகன் சிரிக்கவில்லை. "நடுவுல பூருறதுக்குத்தாங்க்கா மார்க்கு" என்றான்.

ஒப்பீடு என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வரையறை கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். ஆனால் எழுத உட்கார்ந்து, 'இருவரும்' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் போதும், கை நின்றுவிடும். கூடாத காரியம் செய்கிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். இத்தனை வருஷம் கட்டிக் காத்த வாயை ஒரு தாளுக்காக அவிழ்ப்பதா என்று இருக்கும். இது என்ன கூத்து என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

அடுத்த ஞாயிறு வேறு வழியில் போய்ப் பார்த்தாள். மறுவாய் வேண்டாமென்றால் பெரியவர்கள் மாதிரி எழுதிவிட்டுப் போகிறது! கிணறு வெட்டப் போனவன் மனைவிக்குத்தான் நியாயம், லாரிக்குக் காத்திருப்பவள் போனை எடுத்து நாலு பேரைக் கூப்பிட வழியிருந்தும் புலம்புகிறாள், ஆகையால் முதல் படைப்பே உயர்ந்தது, இரண்டாமவர் திருந்த வேண்டும் என்று விளாசித் தள்ளிவிட்டாள்.

ராஜமுருகன் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். "அபராதம் எவ்வளவுக்கா?"

"என்ன சார் கேலி பண்றீங்க?"

"இல்லக்கா. மொதல்ல மைக்கு மாதிரி இருந்தீங்க. இப்ப ஜட்ஜ் ஆயிட்டீங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. யாரையும் தூக்க வேணாம், யாரையும் தாழ்த்த வேணாம். ரெண்டு பேரையும் ஒண்ணா நிறுத்திப் பாத்தாத்தான் தெரியிற ஏதோ ஒண்ணு இருக்கும். அதைச் சொல்லுங்க, போதும்."

ஊருக்குத் திரும்புகிற பேருந்தில் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஊத்துப்பாறையில் வாய் உண்டு, தீர்ப்பு உண்டு. நடுவில் அப்படி ஓர் இடம் இருப்பதாக அவளுக்கு யாரும் சொன்னதில்லை. போகட்டும், இருந்தால் கண்டுபிடிக்காமலா போவேன் என்றும் நினைத்துக்கொண்டாள். தோற்றவள் முகம் மாதிரியே அவள் முகம் இல்லை. அது அவள் சுபாவம்.

அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் சோடி சேர்க்க ஆரம்பித்தாள். பேருந்து ஏன் தாமதம் என்று நடத்துநர் சொன்ன காரணத்தையும் ஓட்டுநர் சொன்ன காரணத்தையும் ஒன்றாக நிறுத்தி, இரண்டு பேரும் சொல்லாமல் விட்டது வழியில் குடித்த டீயைத்தான் என்று கண்டுபிடித்தாள். சுசித்ரா போனில் அப்பாவிடம் ஒரு மாதிரியும் தன்னிடம் ஒரு மாதிரியும் பேசுவதை ஒப்பிட்டு, அவளுக்குக் காய்ச்சல் என்பதைப் பிடித்தாள். மனசுக்குள் எல்லாம் சரியாக வந்தது. தாளில் 'இருவரும்' என்று எழுதினால் மட்டும் கை நின்றது.

மார்கழி அமாவாசைக் கூட்டத்துக்கு ஒரு வழக்கு வந்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஊருக்கு மேலே பாறையிடுக்கில் இருக்கிற ஊற்றிலிருந்து ஓஸ் குழாய் போட்டுத்தான் ஆளாளுக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். இராமலிங்கத்தின் ஓஸும் திருமலைச்சாமியின் ஓஸும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டு பேரும் பங்காளிகள், இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. பூண்டு திரளுகிற நேரத்தில் தண்ணீர் நின்று பயிர் மஞ்சளடித்துப் போயிருந்தது.

இராமலிங்கம் முதலில் பேசினார். "செவ்வாக்கெழமை வெள்ளனே ஊத்துக்குப் போனேன். என் ஓஸ உருவிப் பாறைக்குக் கீழ எறிஞ்சு கெடக்கு. வாய் நசுங்கிப் போச்சு. பதட்டத்துல எறங்குனவன் சாணியில வழுக்கி முட்டியப் பேத்துக்கிட்டேன், இந்தா பாருங்க. எல்லாம் இவன் வேலை. வண்டி போக என் தோட்டத்துல பாதை கேட்டான், நான் குடுக்கல. அந்த வஞ்சம்."

திருமலைச்சாமி அடுத்து எழுந்தார். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறான். அன்னைக்கு மத்தியானம் நான் போனப்ப என் ஓஸுந்தான் வெளிய கெடந்துச்சு. வாயெல்லாம் தட்டையாப் போச்சு. நான் கட்டுன மூங்கி வேலி சுக்குநூறாக் கெடக்கு, ஊத்தே சேறும் சகதியுமாக் கலங்கிக் கெடக்கு. என்னதப் பிடுங்கிட்டு, சந்தேகம் வராம இருக்கத் தன்னதையும் பிடுங்கிப் போட்டு நாடகம் ஆடுறான்."

சண்முகசுந்தரி முன்னே வந்தாள். இராமலிங்கம் சொன்னதை முட்டி வரைக்கும் விடாமல் சொன்னாள். "இதுதான்" என்றார் அவர். திருமலைச்சாமி சொன்னதைப் பூசணிக்காய் முதற்கொண்டு சொன்னாள். "இதுதான்" என்றார் அவரும். அத்தோடு அவள் வாய் மூடியிருக்க வேண்டும்.

பெரியவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் முருகானந்தம், கந்தவேலுக்குத் தாய்மாமன். பாதை கேட்ட வஞ்சம் எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் பேச்சு திருமலைச்சாமிக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தது. அறுவடை வரைக்கும் அவருக்கு ஊற்றுத் தண்ணீர் இல்லை என்று ஒருவர் சொல்வது அவள் காதில் விழுந்தது. அறுவடை வரைக்கும் தண்ணீர் இல்லையென்றால் அறுக்க என்ன இருக்கும்?

சற்று முன் சண்முகசுந்தரி தன் வாயால் சொன்ன இரண்டு கதைகளும் அவள் கூப்பிடாமலேயே பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. நசுங்கின வாய் இரண்டிலும் இருந்தது. சாணி ஒன்றில் மட்டும் இருந்தது, அதுவும் முட்டிக்காக வந்தது. உடைந்த வேலி இன்னொன்றில் மட்டும். தண்ணீர் திருடுகிறவன் ஓஸை உருவுவான், இல்லையென்றால் அறுப்பான். அதன் வாயை மிதித்து நசுக்குவானா? தனக்கே வேண்டிய ஊற்றைக் கலக்கிச் சேறாக்குவானா? எடுத்தவனைக் கண்ணால் பார்த்தேன் என்று இரண்டு பேரில் ஒருவரும் சொல்லவில்லையே.

"மாமா" என்றாள்.

கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. மறுவாய் முடிந்தபின் மறுவாய்க்காரி பேசி அந்த ஊர் கேட்டதில்லை.

"ரெண்டு பேரும் ஓஸு வாய் நசுங்குனதாச் சொல்றாங்க. இவங்க சாணிங்கிறாங்க, அவங்க வேலி ஒடஞ்சதுங்கிறாங்க, சேறுங்கிறாங்க. ரெண்டையும் சேத்துப் பாத்தா அங்க மனுசன் போகல மாமா. காட்டுமாடு தண்ணிக்கு எறங்கியிருக்கு. தனித்தனியாக் கேட்டாத் தெரியாது. சேத்துக் கேளுங்க."

காட்டுமாடு ஊற்றுப் பக்கம் வந்து வருஷக்கணக்காகிவிட்டது, அதனால்தான் அந்த நினைப்பே எவருக்கும் வரவில்லை. "ஏலே ஜெயமுருகா, வெரசாப் போயிப் பாத்துட்டு வாடா" என்று ஓர் இளவட்டத்தை மேலே விரட்டினார்கள். போனவன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். சேறு காய்ந்து குளம்புத் தடம் அச்சடித்த மாதிரி கிடக்கிறது, பாறையோரம் பொதி பொதியாகச் சாணம் என்றான்.

இராமலிங்கமும் திருமலைச்சாமியும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். வழக்கு முடிந்தது. ஆனால் கூட்டம் முடியவில்லை.

"காட்டுமாட்டுக்கு அபராதம் போட முடியாது. ஆனா மறுவாய் தன் வாயால பேசலாமா? இன்னைக்கு நல்லதுக்குப் பேசுனே. நாளைக்கு வேண்டியவனுக்குப் பேசுவே. தவளை தன் வாயால கெட்டுச்சுங்கிறது இதுதான்" என்றார் முருகானந்தம். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "தமிழ்மதி இனிமே மறுவாய் சொல்லட்டும்" என்று முடித்துவிட்டார். தமிழ்மதி புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். திடுக்கிட்டு மாமியார் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

சண்முகசுந்தரி வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவமானமாக இருந்தது. அவளிடமிருந்து பிடுங்கியது சாதாரண இடமா? அந்த ஊரில் ஒரு பெண் குரலை எல்லாரும் காது கொடுத்துக் கேட்கிற ஒரே இடம் அது. சரியானதைச் சொன்னதற்கா இந்தத் தண்டனை என்று ஆத்திரமும் வந்தது.

கந்தவேல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அழாத. வாயுள்ள புள்ள பொழைக்கும்னுதான் நான் கேள்விப்பட்டிருக்கேன். இனி அமாவாசைக்காச்சும் எனக்கு நேரத்துக்குச் சோறு கெடைக்கும்."

"சோத்துலயே இருங்க!" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். சிரித்த பிறகு ஒன்று உறைத்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை தாளில் வராத ஒன்று, கூட்டத்துக்கு நடுவில் வந்துவிட்டது. 'ரெண்டு பேரும்' என்று தொடங்கி நிற்காமல் முடித்துவிட்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டதுதான், ஆனால் வாய் நிற்கவில்லை. திருப்பிச் சொல்வது ஒரு வேலை, தீர்த்துச் சொல்வது ஒரு வேலை. அவள் சொன்னது இரண்டுமில்லை. ராஜமுருகன் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்ன இடம் இதுதானா?

மறுநாள் காலையில் கிணறும் லாரியும் இருக்கிற அந்தப் பழைய பகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினாள். இரண்டு பெண்களும் தண்ணீரைப் பற்றியே பேசவில்லை, வருகிற ஆளின் முகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று வந்தது. கிணற்றுக்காரிக்கு அந்த முகம் தெரியும், லாரிக்காரிக்கு அந்த முகமே தெரியாது, அதுதான் வித்தியாசம் என்று அடுத்த வரி வந்தது. கை எங்கேயும் நிற்கவில்லை. எழுதியதைப் படம் எடுத்து அனுப்பினாள். ராஜமுருகனிடமிருந்து பதில் வந்தது: "அக்கா!!! என்ன ஆச்சு உங்களுக்கு?"

"காட்டுமாடு ஆச்சு" என்று பதில் அனுப்பிவிட்டு, அவன் குழம்பட்டும் என்று விட்டுவிட்டாள்.

தேர்வு தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வந்தது. பழனி பாதயாத்திரைக் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் கடை வைத்திருக்கிற நாத்தனார் லீலா வீட்டில் முதல் நாளே போய்த் தங்கினாள். காவடி மேளத்துக்கு நடுவில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் புரட்டினாள். காலையில் சுசித்ரா வந்து தேர்வு நடக்கிற கல்லூரி வாசல் வரைக்கும் கூடவே நடந்தாள்.

"பயமா இருக்காம்மா?"

"எனக்கெதுக்குப் பயம்? கேள்வி எடுத்த ஆளுக்குத்தான் பயமா இருக்கணும்."

வாய் இப்படிச் சொன்னாலும் கேள்வித்தாளை வாங்கியதும் தேர்வு எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தாள். இதுதான் கடைசி. இதற்கு மேல் ஒரு தடவை கிடையாது. கட்டாயக் கேள்விக்கு வந்தாள். இரண்டு பகுதிகள். முதலாவது பாட்டு: புருஷன் வீட்டுக்குப் புறப்படுகிற மகளிடம் தாய் பேசுகிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, விளக்கை மறக்காதே. இரண்டாவது உரைநடை: வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் மகனோடு விமான நிலையத்துக்கு வருகிற அப்பா. பெட்டிக்கு நல்ல பூட்டு வாங்கலாமே, இந்தச் செருப்பு அங்கே தாங்குமா, அங்கே அரிசி கிடைக்குமா என்று வழியெல்லாம் கேட்கிறார். ஒப்பிட்டு ஆராய்க.

சண்முகசுந்தரி இரண்டையும் படித்தாள். மறுபடி படித்தாள். சுசித்ராவை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பிய நாள் ஞாபகத்துக்கு வந்தது. அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுதத் தொடங்கினாள். இருவரும் சோற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். இருவரும் 'போகாதே' என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்தான் இரண்டு படைப்பையும் ஒன்றாகக் கட்டுகிறது. தாய்க்கு மகளின் உடம்பைப் பற்றிப் பேச உரிமை இருக்கிறது, தலை, ஈரம் என்று தொட்டுப் பேசுகிறாள். தகப்பனுக்கு அந்தப் பழக்கமில்லை, பெட்டியையும் செருப்பையும் தொட்டுப் பேசுகிறார். ஆனால் செருப்பும் மகன் காலில்தானே இருக்கிறது. பாட்டில் அழுகை ஓசையில் வந்துவிடுகிறது, உரைநடையில் கேள்விக்குறிகளில் வருகிறது. எது சிறந்தது என்று அவள் எழுதவில்லை. தாள் போதாமல் கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினாள்.

வெளியே வந்தவளைச் சுசித்ரா ஓடி வந்து பிடித்தாள். "எப்படிம்மா?"

"பாஸு."

"ரிசல்ட்டா வந்துருச்சு?"

"எனக்கு வந்துருச்சு. அவங்களுக்குத்தான் மெதுவா வரும்."

அவர்களுக்குப் பங்குனியில் வந்தது. அன்றைக்கும் அவள் மேல்தட்டு மூலையில் நின்றுகொண்டுதான் பேசினாள். "அம்மா, எழுபத்தொண்ணு!" என்று சுசித்ரா கத்தியது பக்கத்துத் தோட்டத்துக்கே கேட்டிருக்கும். "நீ ஜெயிச்சுட்ட, எனக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கு!" சண்முகசுந்தரி அறுவடையான பூண்டுக் குவியலின் மேல் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சவாலுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தாள், வெறும் அழுகைதான் வந்தது. இருபது வருஷத்து ஆசை, அழாமல் என்ன செய்யும்? கந்தவேல் அன்றைக்கே பெருமாள்மலை வரைக்கும் ஆரன் அடித்துக்கொண்டே போனதாகக் கேள்வி.

இரண்டு நாள் கழித்து முருகானந்தம் வீட்டுக்கு வந்தார். மார்கழிக்குப் பிறகு அந்தப் படியை அவர் மிதிக்கவில்லை.

"பட்டதாரி ஆயிட்டியாமே."

"ஆயிட்டேன் மாமா. உக்காருங்க, காப்பி போடுறேன்."

காப்பி வந்தது. அவர் ஊதி ஊதிக் குடித்தார். மழை, பூண்டு விலை, தைப்பூசக் கூட்டம் என்று சுற்றி வளைத்துவிட்டு வந்த விஷயத்துக்கு வந்தார். "தமிழ்மதி சரிப்படல. ஒருத்தன் கஷ்டத்தச் சொல்லும்போதே அந்தப் புள்ள அழுதுருது. அது அழ, அவன் அழ, கூட்டமே ஒப்பாரி வச்ச மாதிரி ஆயிப்போகுது. நீ திரும்பி வந்துரு. நடந்தத யாரும் பேச மாட்டோம். பழைய மாதிரியே சொல்லு."

அவளுக்கு அந்த இடம் வேண்டும். இந்த மூன்று அமாவாசையும் கோயில் பக்கம் பேச்சுக் குரல் கேட்டபோதெல்லாம் அவள் கைவேலை ஓடவில்லை. சரி என்று ஒரு சொல் சொன்னால் இன்றைக்கே கிடைத்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பழைய மாதிரி இனி எனக்கு வராது மாமா" என்றாள். "பழைய மாதிரி எழுதித்தான் ரெண்டு வாட்டி தோத்தேன். அவரு சொன்னதச் சொல்லுவேன், இவரு சொன்னதச் சொல்லுவேன். அதுக்கப்புறம் ரெண்டையும் சேத்து வச்சு எனக்குத் தெரியிறதையும் சொல்லுவேன். தீர்ப்பு உங்களோடது, அதுல நான் வாயத் தொறக்க மாட்டேன். இதுக்குச் சம்மதம்னா வர்றேன். இல்லன்னா தமிழ்மதி அழுதுக்கிட்டே சொல்லட்டும், எனக்குப் பூண்டுச் சோலி தலைக்கு மேல கெடக்கு."

"பொம்பள கூட்டத்துல கருத்துச் சொன்னா நாலு பேரு ஒத்துக்குவானா?"

"திருமலைச்சாமி மாமா தோட்டத்துல பூண்டு எடுத்தாச்சு. அவர ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க."

முருகானந்தம் மீதிக் காப்பியைக் குடித்து முடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். படியில் இறங்கிச் செருப்பை மாட்டினார். அந்த இடம் கையை விட்டுப் போய்விட்டது என்றுதான் சண்முகசுந்தரி நினைத்தாள். நினைத்தும் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் நாலடி நடந்துவிட்டு நின்றார்.

"அமாவாசைக்கு வெள்ளனே வந்துரு" என்றார். "இந்த வாட்டி மூணு வழக்கு இருக்கு. மூணுலயும் நீ என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தெரியணும்."